நாய், பூனைக்குத் திடீர் வைத்தியச் செலவு: தனிக் கணக்கா, ஆர்.டி.யா, காப்பீடா, நகைக்கடனா?

"மாதம் ஆயிரம் ரூபாய் ஒதுக்க முடியும். அதை நாய்க்கான காப்பீட்டில் கட்டுவதா, வங்கியில் போட்டு வைப்பதா?" செல்லப்பிராணி வளர்க்கும் நடுத்தரக் குடும்பங்கள் அதிகம் குழம்புவது இந்த இடத்தில்தான். குழப்பத்துக்குக் காரணம், இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருப்பது. பெரிய செலவு வந்தால் யார் தாங்குவது என்பது ஒன்று. ஞாயிற்றுக்கிழமை இரவு பதினோரு மணிக்கு மருத்துவமனையில் முன்பணம் கேட்கும்போது கையில் காசு இருக்கிறதா என்பது இன்னொன்று. காப்பீடு முதல் கேள்விக்கு விடையாகலாம். இரண்டாவதற்கு அது பெரும்பாலும் உதவாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் முடிவெடுப்பது எளிதாகும்.

கீழே உள்ள கணக்கெல்லாம் தமிழ்நாட்டில் மாதம் 30,000 முதல் 60,000 ரூபாய் வரை கைக்கு வரும் ஒரு குடும்பத்தையும், ஒரு நாய் அல்லது பூனையையும் மனதில் வைத்துப் போட்டவை. மருத்துவச் செலவுக்குக் கொடுத்திருப்பவை திட்டமிடுவதற்கான தொகைகள். உங்கள் ஊர் டாக்டரிடம் ஒருமுறை கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

## தெரிந்த செலவைத் தனியே எடுத்து வையுங்கள்

தடுப்பூசி திடீர்ச் செலவு அல்ல. குடற்புழு மாத்திரையும் உண்ணி மருந்தும் அப்படித்தான். இவை எந்த மாதம் வரும் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே தெரியும். இவற்றை அவசரப் பணத்திலிருந்து எடுக்க ஆரம்பித்தால் அந்தப் பணம் ஒருபோதும் சேராது.

20 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஓராண்டுக் கணக்கு ஏறக்குறைய இப்படி வரும்: பல நோய்க்கான கூட்டுத் தடுப்பூசியும் வெறிநாய்க்கடி ஊசியும் சேர்ந்து 2,000 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மாத்திரை, மொத்தம் 600. மூன்று மாதம் வேலை செய்யும் உண்ணி மாத்திரை நான்கு முறை, சுமார் 7,000. இரண்டு முறை டாக்டரிடம் காட்ட 1,000. ஆகமொத்தம் 10,600. மாதத்துக்கு 900 என்று வையுங்கள். இது அரிசி, பால் போல மாத பட்ஜெட்டில் ஒரு வரி.

உண்ணி மாத்திரைதான் இதில் பெரிய தொகை, அதனால் பலர் முதலில் வெட்டுவதும் அதைத்தான். ஆனால் தமிழ்நாட்டு வெப்பத்தில் உண்ணி ஆண்டு முழுக்க இருக்கும். உண்ணிக் காய்ச்சல் வந்தால் ரத்தப் பரிசோதனை, டிரிப்ஸ், மூன்று நான்கு வாரத்துக்கு மாத்திரை, இடையில் மீண்டும் ரத்தப் பரிசோதனை என்று ஆண்டு முழுக்க மிச்சப்படுத்திய 7,000 ஒரே மாதத்தில் போய்விடும். ரத்தத் தட்டணுக்கள் மிகவும் குறைந்து ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் அதற்கு மேலும் ஆகும். வெட்டியே ஆக வேண்டும் என்றால் உணவு பிராண்டை மாற்றுங்கள், குளிப்பாட்டும் கடைக்குப் போவதை நிறுத்துங்கள். உண்ணி மருந்தில் கை வைக்காதீர்கள்.

## திடீர்ச் செலவு எவ்வளவு பெரிதாக இருக்கும்?

மூன்று அளவாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் இரவுச் செலவு: 5,000 முதல் 8,000 வரை. நிற்காத வாந்தி, வண்டி மோதியது, எதையோ விழுங்கியது, கத்திரி வெயிலில் மயங்கியது என்று ஓடும்போது ஆவது. இரவு நேரக் கட்டணம், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, டிரிப்ஸ், ஆட்டோ அல்லது வாடகைக் கார் எல்லாம் இதில் அடங்கும்.

நடுத்தரச் செலவு: 10,000 முதல் 35,000 வரை. குட்டிக்குப் பார்வோ (கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் வைரஸ் நோய்) வந்து ஐந்து முதல் ஏழு நாள் டிரிப்ஸ் ஏற்றுவது, கருத்தடை செய்யாத பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் பிடித்து அவசர அறுவை செய்வது, ஆண் பூனைக்குச் சிறுநீர்க்குழாய் அடைத்துக்கொள்வது ஆகியவை இந்த வகை. கடைசியாகச் சொன்னதில் ஓரிரு நாள் தாமதித்தாலே உயிருக்கு ஆபத்து. பூனை மணல்தட்டில் திரும்பத் திரும்பப் போய் முக்குகிறது, சிறுநீர் வரவில்லை என்றால் மலச்சிக்கல் என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாது.

பெரிய செலவு: 40,000க்கு மேல். எலும்பு முறிவுக்குத் தகடு வைப்பது, ஜெர்மன் ஷெப்பர்டு, கிரேட் டேன் போன்ற ஆழ்ந்த மார்புள்ள நாய்களுக்கு வயிறு உப்பித் திருகிக்கொள்வது, புற்றுநோய், நாள்பட்ட சிறுநீரக நோய்.

## எதை வைத்து எடை போடுவது?

ஒவ்வொரு வழியையும் ஐந்து கேள்வியால் சோதிக்கலாம். பணம் எத்தனை மணி நேரத்தில் கைக்கு வரும்? எந்தச் செலவுக்கு வரும், எதற்கு வராது? வட்டி, பிரீமியம், அபராதம், வரி எல்லாம் சேர்த்து அதற்கு உண்மையில் என்ன விலை? ஜூனில் பள்ளிக் கட்டணம், ஐப்பசியில் தீபாவளி என்று வரும்போது வீடே அந்தப் பணத்தை எடுத்துவிடாமல் இருக்குமா? பிராணிக்கு எந்த நோயும் வராமல் போனால் பணம் என்ன ஆகும்?

| வழி | கைக்கு வர | மறைந்திருக்கும் செலவு | நோயே வராவிட்டால் |
|---|---|---|---|
| தனிச் சேமிப்புக் கணக்கு | உடனே | குறைந்த வட்டி, குறைந்தபட்ச இருப்பு அபராதம் | பணம் உங்களுடையது |
| வங்கி ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) | அன்றே அல்லது அடுத்த வேலை நாள் | முன்கூட்டி முடித்தால் வட்டிக் குறைப்பு | பணமும் வட்டியும் உங்களுடையது |
| அஞ்சலக ஆர்.டி. | 3 ஆண்டு வரை முடிக்க முடியாது | நடுவில் முடித்தால் 4 சதவீத வட்டிதான் | பணமும் வட்டியும் உங்களுடையது |
| காப்பீடு | வாரக்கணக்கில், செலவு செய்த பிறகு | காத்திருப்புக் காலம், விலக்குகள், உங்கள் பங்கு | பிரீமியம் திரும்பாது |
| நகைக்கடன் | வங்கி திறந்திருக்கும் நேரத்தில் | வட்டி, நகை ஏலம் போகும் ஆபத்து | செலவே இல்லை |
| கிரெடிட் கார்டு | உடனே | கெடு தவறினால் கடும் வட்டி | ஆண்டுக் கட்டணம் மட்டும் |

## தனிச் சேமிப்புக் கணக்கு

வட்டியைப் பார்த்தால் இது ஏமாற்றம்தான். பெரிய வங்கிகள் 2025 ஜூனுக்குப் பிறகு சேமிப்புக் கணக்குக்கு 2.5 சதவீதம் அளவில்தான் தருகின்றன. 30,000 ரூபாயை 6.5 சதவீதம் தரும் வைப்பில் போடாமல் இங்கே வைத்தால் ஆண்டுக்கு 1,200 ரூபாய் குறையும். மாதம் 100 ரூபாய். நள்ளிரவிலும் பணம் கிடைக்கும் என்ற உறுதிக்கு நீங்கள் தரும் விலை அவ்வளவே. அது நியாயமான விலை.

சம்பளம் வரும் கணக்கிலேயே "நாய்க்காக" என்று மனக்கணக்கு வைப்பது நடக்காத காரியம். வேறு வங்கியில் கணக்கு தொடங்குங்கள். அப்படித் தொடங்கும்போது கவனிக்க வேண்டியவை சில.

குறைந்தபட்ச இருப்பு: பல தனியார் வங்கிகள் சராசரி இருப்பு குறைந்தால் பணம் பிடிக்கும். நாய்க்குச் செலவு செய்து கணக்கு காலியான மாதத்தில் வங்கியும் பிடித்தால் அது இரட்டை அடி. எஸ்.பி.ஐ. 2020லும், கனரா வங்கி, இந்தியன் வங்கி ஆகியவை 2025லும் சாதாரண சேமிப்புக் கணக்குகளுக்கு இந்த அபராதத்தை நீக்கின. இப்படிப்பட்ட வங்கி போதும்.

இரண்டு பேர் பெயர்: நாய்க்கு உடம்பு சரியில்லாமல் போகும் நாளில் கணக்குக்காரர் வெளியூரில் இருப்பார், அல்லது அலுவலகத்தில் போனை எடுக்க மாட்டார். கணவன் மனைவி சேர்ந்து, "இருவரில் யாராவது ஒருவர்" இயக்கலாம் என்ற முறையில் கூட்டுக் கணக்கு தொடங்கி, இருவருக்கும் ஏ.டி.எம். அட்டை வாங்குங்கள். இருவர் போனிலும் யுபிஐயை முன்கூட்டியே இணைத்து, ஒரு சிறு தொகை அனுப்பிப் பாருங்கள். புதிதாக இணைத்த முதல் 24 மணி நேரத்தில் யுபிஐயில் சிறு தொகைதான் அனுப்ப முடியும். அதை அவசர நாளன்று கண்டுபிடிக்கக் கூடாது.

செயலற்ற கணக்கு: இரண்டு ஆண்டு கணக்கில் நீங்களாக எதுவும் செய்யாவிட்டால் வங்கி அதைச் செயலற்றதாக்கிவிடும். பிறகு கே.ஒய்.சி. (அடையாள, முகவரிச் சான்று) கொடுத்துத் திறக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை நூறு ரூபாயாவது எடுத்துப் போடுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் சர்வர் ஓடாத இரவு வரும். தடுப்பூசிப் புத்தகம் வைக்கும் கோப்பிலேயே 2,000 ரூபாய் ரொக்கமாக இருக்கட்டும்.

## ஆர்.டி.: வங்கியிலா, அஞ்சலகத்திலா?

ஒழுங்காகச் சேர்க்க ஆர்.டி. நல்ல வழி. சம்பளம் வந்த மறுநாள் தானாகவே பிடித்துக்கொள்ளும். உடைக்க ஒரு தயக்கம் இருப்பதால் தீபாவளிக்குக் கை வைக்க மாட்டோம். ஆனால் வங்கி ஆர்.டி.யும் அஞ்சலக ஆர்.டி.யும் ஒன்று என்று நினைத்துப் போடுகிறவர்கள் பிறகு வருந்துகிறார்கள்.

அஞ்சலகத் தொடர் வைப்பு 5 ஆண்டுக்கானது. வட்டி 6.7 சதவீதம். மாதம் 1,000 கட்டினால் 60 மாத முடிவில் சுமார் 71,370 ரூபாய் வரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முதல் மூன்று ஆண்டு அதை முடிக்கவே முடியாது. மூன்றாண்டுக்குப் பிறகு, முதிர்வுக்கு முன்னால் முடித்தால் சேமிப்புக் கணக்கின் 4 சதவீத வட்டிதான். 36 மாதம் கட்டிய 36,000க்கு அப்படிக் கிடைக்கும் வட்டி 2,200 அளவில் நின்றுவிடும். 12 தவணை கட்டிய பிறகு கடன் வாங்கலாம், ஆனால் இருப்பில் பாதி மட்டும். 12,000 கட்டியிருந்தால் 6,000. அந்தக் கடனுக்கு ஆர்.டி. வட்டியைவிட 2 சதவீதம் கூடுதல். தவணை தவறினால் 100 ரூபாய்க்கு 1 ரூபாய் அபராதம் உண்டு. நான்கு தவணை தொடர்ந்து தவறினால் கணக்கு நின்றுபோகும்.

வங்கி ஆர்.டி.யில் காலம் வங்கியைப் பொறுத்து 6 மாதம் அல்லது ஓராண்டிலிருந்து தொடங்கும். எப்போது வேண்டுமானாலும் முடிக்கலாம், வட்டியில் அரை முதல் ஒரு சதவீதம் வரை குறைத்துக்கொள்வார்கள். இணைய வங்கியிலோ செயலியிலோ தொடங்கியிருந்தால் பல வங்கிகளில் வீட்டிலிருந்தே முடித்துவிடலாம். அதனால் அவசரப் பணத்துக்கு வங்கி ஆர்.டி. அஞ்சலகத்தைவிடத் தெளிவாக மேல். ஐந்தாண்டுக்கு ஒன்றாகப் போடாமல் ஓராண்டு ஆர்.டி.யாகப் போட்டு, முதிரும்போது வரும் தொகையை நிரந்தர வைப்பாக மாற்றுங்கள். 500 ரூபாயில் இரண்டு ஆர்.டி. போட்டால் தேவைப்படும்போது ஒன்றை மட்டும் உடைக்கலாம்.

அஞ்சலக ஆர்.டி. ஒரு சூழலில் பொருந்தும். நாய்க்கு இப்போது மூன்று நான்கு வயது, முதல் இரவுப் பணமும் நடுத்தரச் செலவுக்கான பணமும் ஏற்கெனவே இருக்கின்றன, ஒன்பது பத்து வயதில் வரப்போகும் முதுமைச் செலவுக்குச் சேர்க்கிறீர்கள் என்றால் அந்தப் பூட்டு நல்லதுதான்.

லிக்விட் ஃபண்டு (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் பணம் போடும் மியூச்சுவல் ஃபண்டு) பழக்கம் உள்ளவர்கள் அதையும் பயன்படுத்தலாம். உடனடி மீட்பு வசதி தரும் திட்டங்களில் ஒரு நாளைக்கு 50,000 ரூபாய் அல்லது முதலீட்டில் 90 சதவீதம், இதில் எது குறைவோ அது, சில நிமிடத்தில் வங்கிக்கு வரும். அந்த வசதி இல்லாத திட்டத்தில் வெள்ளிக்கிழமை மாலை கேட்டால் பணம் வர அடுத்த வாரம் ஆகிவிடும். பழக்கம் இல்லாதவர்கள் இதற்காகப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

## செல்லப்பிராணிக் காப்பீடு

இந்தியாவில் நாய்க் காப்பீடு கால்நடைக் காப்பீட்டின் வழியில் வந்தது. அதனால் இன்றும் சில திட்டங்களின் அடிப்படை, பிராணி இறந்தால் அதன் மதிப்பைத் தருவதுதான். "நாய்க்கு இன்சூரன்ஸ் எடுத்தாச்சு" என்று நிம்மதியாக இருப்பவர்கள் பாலிசியைத் திறந்து பார்த்தால் உள்ளே இறப்பு, திருட்டு ஆகியவற்றுக்கு மட்டும் பாதுகாப்பு இருக்கலாம். வைத்தியச் செலவு தனிப் பிரிவு. அதற்கான பிரீமியமும் தனி. முதலில் பார்க்க வேண்டியது இது.

அடுத்தது, எந்த வைத்தியத்துக்குத் தருவார்கள் என்பது. நம் ஊரில் நாயை மருத்துவமனையில் இரவு தங்க வைப்பது குறைவு. காலையில் கொண்டுபோய் மேசையில் டிரிப்ஸ் ஏற்றி மதியம் வீட்டுக்கு அழைத்து வந்து, மறுநாள் மீண்டும் போவோம். ஐந்து நாள் இப்படிப் போனாலும் அது சில திட்டங்களின் கணக்கில் "அனுமதித்துச் சிகிச்சை" ஆகாது. வெளிநோயாளி செலவுக்கு பாலிசியோடு தனியாகக் கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால் மட்டுமே பணம் வரும். "தினமும் வந்து டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு போனால் கிளெய்ம் உண்டா?" என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். இந்த ஒரு கேள்வி பாதி திட்டங்களை வடிகட்டிவிடும்.

தடுப்பூசியால் தடுக்கக்கூடிய நோய்களுக்கு, ஊசி கெடு தவறியிருந்தால் பணம் வராது. பார்வோ வந்த குட்டிக்குக் கடைசி ஊசி மூன்று வாரம் தாமதமாகியிருந்தது என்றால் கிளெய்ம் அங்கேயே நின்றுவிடும். பாலிசி எடுத்தவுடன் வரும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. முன்பே இருந்த நோய், கருத்தடை, பிரசவம், அழகுக்கான அறுவை, குடற்புழு மருந்து போன்றவை பொதுவாக விலக்கு. கிளெய்ம் தொகையில் ஒரு பங்கை நீங்களே ஏற்க வேண்டும் என்ற விதியும் இருக்கும்.

வயது இன்னொரு தடை. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்திலிருந்து சேரலாம். பெரிய உடலுள்ள இனங்களுக்கு நான்கு வயதுக்குப் பிறகும், மற்றவற்றுக்கு ஏழு வயதுக்குப் பிறகும் புதிதாகச் சேர்க்காத திட்டங்கள் உண்டு. புதுப்பிக்கவும் ஒரு மேல்வயது வைத்திருப்பார்கள். அதாவது, செலவு அதிகமாக வரும் முதுமையில் காப்பீடு விலகிக்கொள்கிறது. பிரீமியத்தோடு சேர்த்து ஒப்பிட வேண்டிய முக்கியமான தகவல் இது, ஆனால் விளம்பரத்தில் சிறிய எழுத்தில்தான் இருக்கும். பூனைக்கான திட்டங்கள் நாயைவிடக் குறைவு. நாட்டு நாய்க்கும் பாலிசி தரும் நிறுவனங்கள் உண்டு. தெருவிலிருந்து எடுத்து வளர்த்தது என்பதற்காகக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 5,000 பிரீமியம், 50,000 வரை பாதுகாப்பு, கிளெய்மில் 20 சதவீதம் உங்கள் பங்கு என்று ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்தாண்டில் 25,000 கட்டுவீர்கள். அதைத் திரும்பப் பெற 31,000 ரூபாய்க்கு மேல் ஏற்கத்தக்க மருத்துவச் செலவு வந்திருக்க வேண்டும். இரண்டாவது மாதத்திலேயே கால் முறிந்து 50,000 ஆனால் காப்பீடு 40,000 தரும். அதே பிரீமியத் தொகையை மாதாமாதம் சேமித்திருந்தால் அப்போது உங்களிடம் 1,000கூட இருந்திருக்காது. நான்காம் ஆண்டு முடிவில் அதே முறிவு வந்தால், அதே தொகையைச் சேமித்திருந்தவரிடம் வட்டியோடு 20,000க்கு மேல் இருக்கும். அவருக்கும் முழுதாகப் போதாது, ஆனால் எஞ்சியதை நகைக்கடனில் சமாளிக்கலாம். ஆக, சேமிப்பு இன்னும் சேராத முதல் இரண்டு மூன்று ஆண்டுக்குத்தான் காப்பீட்டின் மதிப்பு அதிகம். பிறகு அது குறைந்துகொண்டே போகும்.

கிளெய்மை நிராகரிப்பதற்கு அதிகம் காரணமாவது காகிதம்தான். பதிவு எண்ணோடு டாக்டரின் கையெழுத்து, ஒவ்வொரு ஊசிக்கும் பரிசோதனைக்கும் தனித்தனித் தொகை போட்ட பில், தேதி போட்ட தடுப்பூசிப் புத்தகம், பிராணியை அடையாளம் காட்டும் மைக்ரோசிப் எண் அல்லது படங்கள் வேண்டும். "டிரீட்மென்ட் 9,000" என்று ஒரே வரியில் எழுதிய சீட்டு செல்லாது. சிகிச்சை தொடங்கியதும் குறிப்பிட்ட நேரத்துக்குள் நிறுவனத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற விதியை, பதற்றத்தில் எல்லோரும் மறப்பார்கள். அந்த எண்ணைக் கோப்பின் அட்டையிலேயே எழுதி வையுங்கள். காரணமில்லாமல் மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையில் அதற்கு அலுவலகம் இருக்கிறது, கட்டணம் இல்லை.

## நகைக்கடன்

வீட்டில் ஒரு பவுன் மோதிரமோ வளையலோ இருந்தால் அதுவும் ஒரு அவசர நிதிதான். ஆனால் எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விலை மாறும். 30,000 ரூபாயை ஆறு மாதத்தில் திருப்புவதாக வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 9 சதவீதம் வாங்கும் வங்கியில் வட்டி 1,350. மாதம் 2 ரூபாய் வட்டி வாங்கும் அடகுக்கடையில் 3,600. அதே தொகை கிரெடிட் கார்டில் மாதம் 3.5 சதவீதத்தில் நின்றால் வட்டி மட்டும் 6,300, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 7,400க்கு மேல்.

வங்கியிலும் கூட்டுறவு வங்கியிலும் நகை மதிப்பீட்டாளர் இருக்கும் நேரத்தில்தான் கடன் கிடைக்கும். வங்கியில் ஞாயிறும் இரண்டாம், நான்காம் சனியும் இல்லை. முதல் இரவுக்கு இது உதவாது, இரண்டாம் நாள் அறுவைக்கு உதவும். வட்டியை மட்டும் கட்டி ஆண்டுதோறும் மாற்றி வைக்கும் பழக்கம்தான் பெரிய ஆபத்து. 30,000 கடன் ஐந்தாண்டு அப்படியே நின்று, வட்டி மட்டும் 13,500 போயிருக்கும். கடன் வாங்கிய அன்றே, ஆர்.டி.க்குப் போய்க்கொண்டிருந்த மாதத் தொகையை நகையை மீட்பதற்குத் திருப்பிவிடுங்கள்.

## கிரெடிட் கார்டும் ஏலச்சீட்டும்

கார்டு, முதல் இரவுக்கு ஒரு பாலம். கெடு தேதிக்குள் முழுத்தொகையும் கட்ட சேமிப்பில் பணம் இருந்தால் தேய்க்கலாம். ஆர்.டி.யை முடித்துப் பணம் வர இரண்டு நாள் ஆகும் என்ற நிலைக்கு இது சரியாகப் பொருந்தும். "குறைந்தபட்சத் தொகை" மட்டும் கட்டும் எண்ணம் இருந்தால் தொடாதீர்கள். ஏ.டி.எம்.மில் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தால் அன்றே வட்டி ஓடத் தொடங்கும், தனிக் கட்டணமும் உண்டு.

ஏலச்சீட்டு இந்தத் தேவைக்கு ஒத்துவராது. ஏலம் மாதம் ஒருமுறை. நாய்க்கு உடம்பு சரியில்லாத நாளில் அது நடக்காது. அவசரத்தில் தள்ளி எடுத்தால் தள்ளுபடி அதிகம் போகும், ஜாமீன் கொடுத்த பிறகுதான் பணம் வரும். பதிவில்லாத சீட்டு என்றால் சொல்லவே வேண்டாம்.

## அரசு மருத்துவமனை: செலவையே குறைக்கும் வழி

சேமிப்பைப் பற்றிப் பேசும்போது பலர் விட்டுவிடுவது இதை. 1903ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை சென்னை வேப்பேரியில் இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தேனி, உடுமலைப்பேட்டை, சேலம் மாவட்டத் தலைவாசல் ஆகிய இடங்களிலும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் உள்ளன. ஸ்கேனும் அறுவையும் தனியார் கட்டணத்தைவிட மிகக் குறைவு. வகைவகையான நோய்களைப் பார்த்த பேராசிரியர்கள் அங்கே இருக்கிறார்கள்.

இதன் மறைமுக விலை நேரம். வெளிநோயாளி நேரம் பெரும்பாலும் காலையில்தான், வரிசை நீளம். தினக்கூலியோ கடையோ வைத்திருப்பவருக்கு ஒரு நாள் வருமானம் போகும். அதையும் ஆட்டோ செலவையும் கூட்டியே தனியாரோடு ஒப்பிட வேண்டும். நோய்த்தடுப்பு, கருத்தடை, திட்டமிட்ட அறுவை, நாள்பட்ட நோய்க்கு மருந்து மாற்றுவது ஆகியவற்றுக்கு இங்கே போவதும், மூச்சுத் திணறல், சிறுநீர் அடைப்பு போன்றவற்றுக்கு அருகிலுள்ள தனியார் மருத்துவமனைக்கு ஓடுவதும் சரியான பிரிவினை. ஜூலை 6, உலக விலங்குவழி நோய்கள் நாளையொட்டிக் கால்நடைத் துறை வெறிநோய்த் தடுப்பூசியை இலவசமாகப் போடும் முகாம்கள் நடக்கும். ஆண்டு ஊசியை அந்த மாதத்துக்கு மாற்றிக்கொண்டால் அந்தச் செலவும் குறையும். பெண் நாய்க்குக் கருத்தடை செய்துவிட்டால் கருப்பைச் சீழ் என்ற பெரிய பில் பட்டியலிலிருந்தே போய்விடும். அதற்கு ஆகும் சில ஆயிரம் எந்தக் காப்பீட்டு பிரீமியத்தையும்விடப் பயனுள்ள செலவு.

## யாருக்கு எது?

இரண்டு மாத லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய இனக் குட்டி, சேமிப்பு எதுவும் இல்லை: முதல் இரவுப் பணம் 8,000 சேர்த்த கையோடு, வைத்தியச் செலவு தரும் காப்பீட்டை மூன்றாண்டுக்கு எடுங்கள். கூடவே மாதம் 500 ஆர்.டி. நான்காம் ஆண்டில் கையிருப்பு 30,000ஐத் தாண்டியிருந்தால் புதுப்பிக்க வேண்டுமா என்று மீண்டும் கணக்குப் போடுங்கள்.

ஐந்தாறு வயது நாட்டு நாய்: காப்பீடு பெரும்பாலும் கட்டுப்படியாகாது. தனிக் கணக்கில் 10,000, வங்கி ஆர்.டி. மாதம் 1,000, தேவைப்பட்டால் நகைக்கடன்.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனை: தடுப்புச் செலவு குறைவு. ஆண் பூனை என்றால் சிறுநீர் அடைப்புக்காக 20,000 வரை எளிதில் எடுக்கும்படி வையுங்கள்.

மாதச் சம்பளம் இல்லாத, வருமானம் ஏறி இறங்கும் வீடு: ஆர்.டி. தவணை அழுத்தம் வேண்டாம். வசூல் வரும் நாளிலெல்லாம் 5 சதவீதத்தைத் தனிக் கணக்குக்கு அனுப்புங்கள்.

கந்துவட்டி அல்லது கார்டு கடன் ஓடிக்கொண்டிருக்கும் வீடு: 8,000 மட்டும் நாய்க்காக ஒதுக்கி நிறுத்திக்கொண்டு, மீதி அனைத்தையும் கடனை அடைக்கப் போடுங்கள். 36 சதவீதம் வட்டி கட்டிக்கொண்டே 6.5 சதவீதத்துக்குச் சேர்ப்பதில் பலனில்லை.

இரண்டு மூன்று பிராணிகள் இருந்தால் தொகையை அப்படியே பெருக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் அறுவை வராது. ஒன்றுக்கு 30,000 என்றால் இரண்டுக்கு 45,000 போதும். பார்வோ, உண்ணிக் காய்ச்சல் மட்டும் விதிவிலக்கு. ஒன்றுக்கு வந்தால் மற்றதற்கும் வரலாம்.

## தொடங்கும் வரிசை

முதல் மாதம் கணக்கைத் தொடங்கி 2,000 போடுங்கள். சம்பளத்துக்கு மறுநாள் தானாக மாறும்படி வங்கியில் உத்தரவு கொடுங்கள். ஜூனிலும் தீபாவளி மாதத்திலும் பாதித் தொகை போதும் என்று முன்பே வைத்துக்கொண்டால் முழுதாக நிறுத்த வேண்டி வராது. 8,000 வரும் வரை ஆர்.டி. வேண்டாம். அதன் பிறகு கணக்குக்குப் போகும் தொகையை ஆர்.டி.க்குத் திருப்புங்கள். எடுத்த பணத்தை மூன்று மாதத்தில் நிரப்ப வேண்டும். முடியாவிட்டால் அந்த மூன்று மாதமும் ஆர்.டி.க்குப் பதிலாகக் கணக்குக்கே போகட்டும்.

கடைசியாக, பில் வரும் முன்பே வீட்டில் ஒன்றைப் பேசி முடிவு செய்யுங்கள்: எந்தத் தொகை வரை சேமிப்பிலிருந்து, எதற்கு மேல் போனால் நகையை வைப்பது, எதற்கு மேல் போனால் டாக்டரிடம் செலவு குறைந்த மாற்றுச் சிகிச்சை உண்டா என்று கேட்பது. பதினோரு மணிக்கு மேசையில் நாய் நடுங்கிக்கொண்டிருக்கும்போது இதைப் பேச முடியாது. அந்த மூன்று தொகைகளையும், டாக்டர் எண், இரவு திறந்திருக்கும் மருத்துவமனையின் எண், நாயின் எடை, ஒத்துக்கொள்ளாத மருந்துகள் ஆகியவற்றோடு ஒரு தாளில் எழுதிக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். "வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் கொடுக்காதே" என்பதும் அதில் இருக்கட்டும். பூனைக்கு அது விஷம், நாய்க்கும் ஆபத்து. அதனால் ஏற்படும் ஈரல் பாதிப்புக்கான வைத்தியம் முதல் நோயைவிடப் பெரிய பில்லாக வரும்.